மேசைக்கு ஒன்று, மடிக்கு ஒன்று

எழுபதாயிரம் ரூபாயை இரண்டாகப் பிரிப்பதற்கு எங்கள் வீட்டில் பதினேழு நாள் ஆனது. கல்யாணமே அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும் என்பார் என் வீட்டுக்காரர்.

என் தொழில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது. கே.கே. நகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. வாசலில் போர்டு கிடையாது. ஒரு பத்திரிகையைக் கையில் வாங்கியவர், "இது யார் பண்ணினது?" என்று கேட்டால் அதுதான் போர்டு. பத்து வருஷமாக உழைத்த டெஸ்க்டாப் கடைசிக் காலத்தில் படுத்திய பாடு சொல்லி முடியாது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய், அரிசி களைந்து உலையில் போட்டுத் திரும்பி வந்தால், திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். சீட்டு எடுத்த பணம் எழுபதாயிரம் கைக்கு வந்தபோது, புது கம்ப்யூட்டர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தக் கம்ப்யூட்டர் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

வீட்டுக்காரர் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷமாக மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர். அவர் கட்சி டெஸ்க்டாப். "போல்ட்டு போட்டு இறுக்குன மெஷின்தாம்மா சோறு போடும். தூக்கிக்கிட்டுத் திரியறது என்னிக்காவது கீழ விழும்," என்றார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் கட்சி லேப்டாப். "அம்மா, மொத்தப் பணத்துக்கும் ஒரே நல்ல லேப்டாப்பா வாங்கு. வீட்டுல இருக்கறப்ப ஒரு பெரிய மானிட்டரை மாட்டிக்கோ. ரெண்டு வேலையும் ஆகும்," என்று போனில் பாடம் எடுத்தாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எழுபதாயிரத்தையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் பஸ் ஏறிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். அந்தப் பை ஒரு நாள் கீழே விழுந்தால் பத்திரிகையும் நின்றுபோகும், நானும் நின்றுபோவேன்.

என் மனசில் வேறு கணக்கு ஓடியது. பத்திரிகை வேலையில் இரண்டு பாதி உண்டு. கோபுரப் படம், தங்க நிற ஓரம், நாதஸ்வரம், வாழைமரம் எல்லாம் சேர்த்து அடுக்குவது ஒரு பாதி. அதற்குப் பெரிய திரை வேண்டும், நிறம் பொய் சொல்லக் கூடாது, மெஷினுக்கும் தெம்பு வேண்டும். இன்னொரு பாதி பெயர்கள். பெரியப்பா பெயர் முதலிலா சித்தப்பா பெயர் முதலிலா, அத்திம்பேருக்கு முன்னால் பட்டம் உண்டா, மாமாவின் வேலையைப் போடலாமா கூடாதா. இந்தப் பாதி என் வீட்டில் நடப்பதே இல்லை. கல்யாண வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். ஒரு பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போவேன். ஒரு பெயரை மாற்றுவார்கள். திரும்பி வந்து மாற்றி மறுநாள் கொண்டுபோவேன். முதல் நாள் ஊரில் இல்லாத ஒரு மாமா அன்றைக்கு வந்திருப்பார். ஒரு பத்திரிகைக்கு ஐந்து தடவை காவிரிப் பாலம் தாண்டியிருக்கிறேன். அதற்குள் பாதிப் பேர் செல்போனிலேயே ஒரு படத்தைச் செய்து உறவுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, "பத்திரிகை வேண்டாங்க, சும்மா ஐம்பது மட்டும் அடிச்சுக்கறோம்," என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரே மாற்றி, அங்கேயே முடித்துக் கொடுத்தால்தான் இனி இந்தத் தொழில் என் கையில் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் இரண்டும் வேண்டும் என்றேன். மேசைக்கு ஒன்று, மடிக்கு ஒன்று.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்," என்றார் வீட்டுக்காரர்.

"சேத்துல கால் வெச்சாத்தாங்க நாத்து நட முடியும்," என்றேன். மறுநாள் அவர் தொழிற்சாலையில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து ஒரு பதில் சொன்னார். அது எழுதும்படி இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் இருவரும் போனோம். நான் விஷயத்தைச் சொன்னதும் பாய் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, லேப்டாப் கேட்டு வந்து டெஸ்க்டாப் வாங்கிட்டுப் போனவங்க உண்டு. டெஸ்க்டாப் கேட்டு வந்து டி.வி. வாங்கிட்டுப் போனவங்களும் உண்டு. ஒரு ஆள் பணத்துல ரெண்டையும் கேக்கறது நீங்கதான்."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு சொல்றீங்களா பாய்?"

"நான் எங்கக்கா சொன்னேன்? சார் மூஞ்சி சொல்லுது."

பாய் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் மேசை, அந்தப் பக்கம் மடி என்று எழுத ஆரம்பித்தார். கண்ணாடி போட்ட சி.பி.யூ. டப்பா ஒன்று காட்டினார். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு மாறி மாறி எரிந்தது. "இது எதுக்கு பாய்? சாமி புறப்பாடா?" என்று கேட்டேன். விளக்கு பட்டியலிலிருந்து போனது. கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகளுக்கான கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தது, அதுவும் போனது. மிச்சமான பணத்தை அப்படியே மானிட்டருக்குத் திருப்பினேன். "கண்ணுக்குச் செலவு பண்றவங்க கெட்டுப்போனதில்ல," என்று பாய் ஒத்துக்கொண்டார். கீபோர்டு வாங்கவில்லை. பழையதே போதும். அதில் பாதி எழுத்து அழிந்து வெறும் கட்டையாக இருக்கும், எனக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மடிக்கு, ஏதோ ஒரு கம்பெனியில் ஓடி, துடைத்துப் பழுது பார்த்து விற்பனைக்கு வந்த லேப்டாப். மூடியில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்த தடம் இருந்தது. பெயர் திருத்துவதற்கு அது போதும்.

மேசைப் பக்கம் நாற்பத்தாறாயிரம், மடிப் பக்கம் இருபத்து மூவாயிரம். மீதி ஆயிரத்துக்கு ஒரு தோள்பை. பாய் கடைசியாக ஒன்று கேட்டார்: "பழசுல இருக்கறதெல்லாம் ரெண்டுலயும் ஏத்திரட்டுமாக்கா?"

"டெஸ்க்டாப்ல மட்டும் ஏத்துங்க பாய். லேப்டாப்புக்கு சாப்ட்வேர் மட்டும் போதும். காலியா இருந்தா வேகமா ஓடும்ல," என்றேன் நான். பெரிய மேதை மாதிரி.

இரண்டும் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி ஒன்றில் ஒரு வைஷ்ணவக் குடும்பத்தின் பெண் கல்யாணம், அதற்குப் பத்திரிகை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன், நல்ல நேரம் பார்த்து, எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசிக்க வேண்டும். யார் பெயர் அச்சாகிறதோ, அவரவர் காதில் அது விழ வேண்டும். முன்னொரு கல்யாணத்தில் ஒருவர் பெயர் விட்டுப்போய், இரண்டு வீடுகள் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லையாம். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

காலையில் எட்டு மணி வரை பெரிய திரையில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். பென் டிரைவில் போட்டு, லேப்டாப்பைப் பையில் வைத்து, பஸ் பிடித்தேன். பிரிண்ட் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து மாற்றிக் காட்டப்போகிற பெருமையில் காகிதம் எதற்கு என்று இருந்தது. லேப்டாப்பில் ஒரு முறை திறந்து பார்க்கவும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் வெந்த சாதம் இன்னொரு வீட்டில் அரிசியாகுமா என்ன?

ஆகும். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கூடத்தில் பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை. பெண்ணின் அப்பா எழுந்து வந்து வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. மணி ஒம்பதே முக்கால். பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள வாசிச்சு முடிச்சுடணும்." அவருடைய அக்கா, பெண்ணுக்கு அத்தை, தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அவர் தலையாட்டினால்தான் அச்சாபீசுக்கு வழி.

லேப்டாப்பை முக்காலியில் வைத்து ஃபைலைத் திறந்தேன். கோபுரம் வந்தது. வாழைமரம் வந்தது. தமிழ் வரவில்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் சமக்குறியும் சிதறிக் கிடந்தன.

விஷயம் இதுதான். எங்கள் மாதிரிப் பழைய ஆட்கள் பயன்படுத்தும் தமிழ் ஃபாண்ட், ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட சட்டை மாதிரி. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில விசைகள்தான். ஃபாண்ட் இருக்கிற மெஷினில் அது தமிழாகத் தெரியும். இல்லாத மெஷினில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும். என் ஃபாண்ட் எல்லாம் கே.கே. நகரில், மேசை மேல், பத்திரமாக இருந்தன.

பெண்ணின் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "என்னம்மா இது? கல்யாணப் பத்திரிகை கேட்டா கணக்குப் பரீட்சை பேப்பரைக் கொண்டு வந்திருக்கேளே?"

"சமம், சமம்னு போட்டிருக்கு," என்றார் அத்தை, கழுத்தை நீட்டி. "எதுக்கு எதுடா சமம்?"

கூடம் சிரித்தது. வீட்டுக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம். வீட்டுக்காரர் முதல் ஷிஃப்டில் இருந்தார், ஃபாண்டை அனுப்பச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அன்றைக்கு வாசிக்காவிட்டால் அடுத்த நல்ல நாள் ஐந்து நாள் கழித்து. சாயங்காலம் ஃபைல் போகாவிட்டால் அச்சாபீசில் எங்கள் முறை போய்விடும். அந்த வீதியில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீதியிலும் நூறாயுசு சொல்வார்கள். புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு எழுத்துகூடக் காட்ட முடியாமல் போனவள் என்று பெயர் வந்தால், ஸ்ரீரங்கத்தில் அப்புறம் எனக்கு வேலை இல்லை. இரண்டாகப் பிரித்தது தப்பு என்று சொன்ன இரண்டு கட்சியும் ஜெயித்துவிடும்.

திரையைப் பார்த்தேன். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி. ஜே, பி, யூ, கே, இசட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியில் என் விரல்கள் அசைந்தன. வலது கை ஆள்காட்டி விரல், சுண்டு விரல், மறுபடி ஆள்காட்டி. திருமண.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவள் இல்லை. ஒரு டி.டி.பி. கடையில் தாள் வெட்டும் வேலையில் இருந்தபோது, கீபோர்டைப் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்து எடுத்துவந்து, பால் பொங்குகிற நேரம், குழாயில் தண்ணீர் நிறைகிற நேரமெல்லாம் அதில் தட்டிப் பழகினேன். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது எனக்குக் கண்ணில் இல்லை, விரலில் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

"உட்காருங்க ஐயா. நான் வாசிக்கிறேன்," என்றேன்.

"எதை?"

"பத்திரிகையை."

மேலே ஒற்றைச் சமக்குறி. அது ஸ்ரீ. அங்கே தொடங்கினேன். முதல் இரண்டு வரி, குழந்தை எழுத்துக்கூட்டுவது மாதிரிதான் வந்தது. சதுர அடைப்பு இந்தப் பக்கம் திரும்பினால் ஜ, அந்தப் பக்கம் திரும்பினால் ஸ. அந்த வீட்டுப் பத்திரிகையில் ஸவும் ஷவும் ஸ்ரீயும் கொட்டிக் கிடந்ததால்தான் அத்தனை குறி. மூன்றாம் வரியில் பிடி கிடைத்துவிட்டது. குரல் தானாக உயர்ந்தது. தாத்தாக்கள் பெயர், அவர்கள் ஊர், மணமகளின் அப்பா அம்மா, மணமகன் வீட்டார். பெயர் விழுந்த ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள். பின்னால் சுவரோரம் ஒருவர், "அடியேன் ஆஜர்," என்றார். சிரிப்பு அடங்கும்வரை நிறுத்திவிட்டு மேலே போனேன்.

பாதியில் அத்தை கையை உயர்த்தினார். "நிறுத்துங்கோ. இவ மனப்பாடம் பண்ணிண்டு வந்திருக்கா. இதுல ஒண்ணும் இல்ல, சும்மா பாத்துண்டு ஒப்பிக்கறா." எழுந்து வந்து கீழ்ப்பக்கம் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன?"

"அது உங்க பேரும்மா. அதுக்கு மேல் வரி உங்க வீட்டுக்காரர் பேர்."

அத்தை அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை, அங்கே ஒரு அரைப்புள்ளியும் இரண்டு ஆங்கில எழுத்தும்தான் இருந்தன. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அவருக்கு முன்னாடி வித்வான்னு போடணும். போன தடவையும் விட்டுட்டா. இதுல போட முடியுமோ?" என்று கேட்டார்.

"முடியும்."

எட்டு விசை. தட்டினேன். திரையில் அந்த எட்டும் ஆங்கிலத்திலும் அரைப்புள்ளியிலும் வந்து உட்கார்ந்தன. அதற்குள் இன்னொருவர், தன் அண்ணா பெயர் தனக்குக் கீழே போயிருக்கிறது, அது அடுக்காது என்றார். அந்த இரண்டு வரியையும் பிடித்து இடம் மாற்றினேன். மாற்றிய பின் அந்தப் பகுதியை மறுபடி வாசித்துக் காட்டினேன். கடைசி வரி, "தங்கள் நல்வரவை விரும்பும்" முடிந்தபோது மணி பத்து இருபத்தைந்து.

பெண்ணின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "படிச்சவா கண்ணால வாசிப்பா. பழகினவா கையால வாசிப்பா. இன்னிக்குத்தான் பார்த்தேன்." வாங்கி வைத்துக்கொண்டேன் அந்த வார்த்தையை. அது பழமொழி இல்லை; எனக்குத் தெரிந்து அதற்கு முன் யாரும் சொன்னதில்லை, அவரே அங்கேயே கட்டிச் சொன்னது.

அத்தை மஞ்சளைத் தொட்டுக்கொண்டு தயங்கினார். வழக்கமாகத் தாளின் மூலையில் தடவுவார்கள். "எங்க வெக்கறது இதுல? கரண்ட் அடிக்குமோ?"

"மூடியில வைங்கம்மா, ஒண்ணும் பண்ணாது."

ஸ்டிக்கர் உரித்த தடத்தின் மேல் சரியாக வைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் பயம் வந்தது. வாசித்தது சரி, அவர்களுக்கும் கேட்டது. ஆனால் மாற்றியதை நான் தமிழில் பார்க்கவில்லை. எட்டு விசையில் ஒன்று தவறியிருந்தால், வித்வான் வேறு ஏதாவது ஆகி ஆயிரத்து ஐந்நூறு பத்திரிகையில் அச்சாகும். காவிரியைக்கூடப் பார்க்காமல் விரலால் பையின் மேலேயே தட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "கை வலிக்குதா?" என்று கேட்டார்.

நானே பார்த்தால் இருக்க வேண்டியதுதான் கண்ணில் படும் என்று ஃபைலைத் திறக்காமல் காத்திருந்தேன்; மூன்று மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். பென் டிரைவைப் பெரிய மெஷினில் செருகி, திறந்துவிட்டு, நான் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். "வாசிங்க. ஒரு எழுத்து விடாம. நான் பாக்க மாட்டேன்."

அவர் கூட்டமான இடத்தில் பேசத் தயங்குகிற மனுஷர். வெறும் முன்னறையில், நான் ஒருத்தி கேட்க, ஸ்ரீயிலிருந்து தொடங்கி நிதானமாக வாசித்தார். நான் மனசுக்குள் விசைகளைத் தட்டிக்கொண்டே கேட்டேன். அண்ணா மேலே, தம்பி கீழே. சரி. அத்தையின் வீட்டுக்காரர் பெயர் வருகிற இடத்தில் அவர் ஒரு நொடி நிறுத்தினார்.

"வித்வான்," என்றார். "கண்ணாடியைத் துடைச்சேம்மா, பயப்படாத."

கடைசிவரை வாசித்தார். ஒரு புள்ளி பிசகவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பெரிய திரையில், தங்க ஓரத்துக்கு நடுவில், நான் தமிழைக் கண்ணால் பார்க்காமலே அடித்த வரி, மற்ற வரிகளோடு வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "ஒரே மெஷினா வாங்கியிருந்தா இந்த அக்கப்போரே வந்திருக்காது."

"வந்திருக்காதுதான். எனக்கு இது தெரியும்னு எனக்கே தெரிஞ்சிருக்காதுங்க."

அவர் ஃபைல் அச்சாபீசுக்குப் போகிறவரை பக்கத்தில் நின்றார். பிறகு, "அந்த ஃபாண்டை எல்லாம் இதுலயும் ஏத்து மொதல்ல," என்று லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஏற்ற நான்கு நிமிஷம் ஆனது.

அடுத்த வாரம் அதே வீதியில் இன்னொரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இந்த வழக்கம் கிடையாது. ஆனால் கூடத்தில் பத்துப் பேரை உட்கார வைத்திருந்தார்கள், தாம்பாளம் இருந்தது, அத்தையும் வந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்தேன். தமிழ் முத்து முத்தாக வந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த வீட்டுப் பெரியவர் கண்ணாடியை எடுத்தார். அத்தை அவர் கையைத் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சும்மா இருங்கோ. அவளே வாசிக்கட்டும்."

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஏழு வீடு. மேசையில் பத்திரிகை உருவாகிறது, மடியில் ஏறி ஊருக்குப் போகிறது, கூடத்தில் நான் வாசிக்கிறேன். முதல் எழுத்திலிருந்து, கடைசித் தூண் வரைக்கும் கேட்கும்படி.